‘தீர்த்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால்

தம்பிமாரே, உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீடு தேடி வந்தீர்கள். கோர்ட்டில் சாட்சி சொல்லச் சொல்ல வேகமாக இங்கிலீஷில் சொல்வதற்கு ஏதாவது சூட்சுமம் உண்டா என்று கேட்டீர்கள். காப்பி கொடுத்து அனுப்பினேனே தவிர, பதில் சொல்லவில்லை. கிழவனுக்கு மண்டைக்கனம் என்று வழியில் பேசிக்கொண்டு போயிருப்பீர்கள். மண்டைக்கனம் ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். அது எப்படி இறங்கியது என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். முகத்துக்கு நேரே சொல்லத் திராணி இல்லாமல் எழுதித் தருகிறேன்.

வேகத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் காலத்தில் என்னைவிட வேகமான மொழிபெயர்ப்பாளன் ஜில்லாவில் கிடையாது. சாட்சி வாயை மூடுவதற்குள் என் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்து விழும். ஜட்ஜ் துரையின் பேனா ஒரு நொடி நிற்காது. மற்றவர்கள் நின்றால் எரிந்து விழுகிற துரை, நான் நிற்கும் நாட்களில் ஐந்து மணிக்கு முன்பே டென்னிஸுக்குக் கிளம்பிவிடுவார். ‘இன்றைக்கு அந்த மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கிறானா?’ என்று அவர் கேட்பதாகச் சேவகன் வந்து சொல்லும்போது எனக்குக் கால் தரையில் பாவாது.

எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். திவால் சட்டம் புதிதாக வந்திருந்த காலம் அது. கடனில் மூழ்கிப்போனவர், இருக்கிற சொத்தையெல்லாம் கோர்ட்டில் ஒப்படைத்து மனுக் கொடுத்தால், கோர்ட் அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, ஆளைக் கடனிலிருந்து விடுதலை செய்துவிடும். ஊரில் இதற்கு மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று பெயர். வழக்குகள் புதிது, சொற்களும் புதிது. ‘கடன்காரன்’ என்று ஒரு சாட்சி சொன்னால் அது கொடுத்தவனா வாங்கியவனா என்று எங்கள் ஆபீஸில் பாதி நாள் சண்டை நடக்கும். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன் நான். எனக்கென்று ஒரு சொல் காத்திருந்தது தெரியாமல்.

மீராசா என்று ஒருவர். பேட்டையில் ஜவுளி வியாபாரம். கைத்தறிச் சேலையும் கைலியும் மொத்தமாக எடுத்து ரங்கூனுக்குக் கப்பலேற்றுகிறவர். ரங்கூனில் சரக்கு வாங்கியவன் கையை விரித்துவிட்டான். இங்கே நூல் கொடுத்தவர்கள், வட்டிக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு, விசாரணைக்குக் கூண்டில் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். நல்ல சலவை வேட்டி, ஆனால் தோளில் துண்டு இல்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடன் கொடுத்தவர்கள் பக்கத்து வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். அவர் கேட்டதையும் மீராசா சொன்னதையும் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க வரும்.

“உம்ம சம்சாரத்துக்கு மகர் பாக்கி உண்டா?” என்று கேட்டார் வக்கீல். மகர் என்பது நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவதாக ஒப்புக்கொள்கிற தொகை. உடனே கொடுக்காமல் பிறகு தருவதாகவும் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதியிருந்தால், அவளைத் தலாக் சொன்ன அன்றே அது பாக்கியில்லாமல் கொடுக்க வேண்டிய கடனாகிவிடும்.

“பெருநாளைக்கு முந்தியே தீத்துட்டேன்” என்றார் மீராசா.

“ஒரேயடியாவா?”

“இல்ல. மாசத்துக்கு ஒண்ணா, மூணு மாசம், மூணு தடவை. முறைப்படிதான்.”

“எழுத்து, ரசீது ஏதாவது உண்டா?”

“வாய்ச்சொல்லுதான். இதுக்கு யாரு ரசீது எழுதுவா?”

“சாட்சி?”

“பள்ளிவாசல் லெப்பைக்குத் தெரியும்.”

நான் துரையிடம் இங்கிலீஷில் சொன்னது இது: மகர் தொகையைப் பெருநாளுக்கு முன்பே செலுத்திவிட்டேன். மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில், ஒழுங்காகச் செலுத்தினேன். ரசீது கிடையாது, வாய்மொழி ஏற்பாடு. பள்ளிவாசல் லெப்பை சாட்சி.

துரையின் பேனா ஓடியது. ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. சாயங்காலம் அதைச் சுத்தப் பிரதி எடுத்து, ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது மிஷன் வளவுக்குள். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பிரிகிற பேச்சு வந்தால் ‘தள்ளுதற்சீட்டு’ என்போம். வேதத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதையும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டதோடு சரி, யாரும் யாரையும் தள்ளி நான் பார்த்ததில்லை. ‘தீர்ப்பது’ என்றால் எங்கள் வளவில் கணக்கைத் தீர்ப்பது, சண்டையைத் தீர்ப்பது, அவ்வளவுதான். வெளியே ஊரெல்லாம் அதே சொல்லால் பெண்டாட்டியையும் தீர்க்கிறார்கள், அதாவது விலக்கி வைக்கிறார்கள் என்று என் காதுக்கு எட்டவில்லை. எட்டாதது குற்றமல்ல. மீராசா ‘எதை’ என்று சொல்லவில்லை, ‘யாரை’ என்றும் சொல்லவில்லை. தமிழில் அது இல்லாமலே வாக்கியம் நிற்கும். இங்கிலீஷில் நிற்காது. அந்தக் காலி இடத்தில் பணத்தைக் கொண்டுபோய் வைத்தது நான். கேட்காமல் வைத்ததுதான் என் குற்றம்.

ஹாலில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவர் அந்த வக்கீல். அவருக்கு அன்றே புரிந்ததா, என்னைப் போலவே ஏமாந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பிழையைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்துப் போட்ட மனு மட்டும் தெரியும்.

மூழ்கப்போகிறோம் என்று தெரிந்தபின் ஒருவர் தனக்கு வேண்டியவருக்கு மட்டும் முழுக்கடனையும் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரித்தால் சட்டம் ஒப்புக்கொள்ளாது. வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். மீராசா பெருநாளைக்கு முன்னால் பெண்டாட்டிக்கு மகராக எழுதிய ஐந்நூற்றொரு ரூபாயைக் கொடுத்ததாக அவரே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார், பெருநாள் கழிந்த மறுவாரம் மஞ்சள் கடுதாசி கொடுத்திருக்கிறார், ஆகவே அந்த ஐந்நூற்றொரு ரூபாயை அவளிடமிருந்து வாங்கித் தர வேண்டும் என்பது மனு. குலசேகரன்பட்டினத்தில் தமையன் வீட்டில் இருந்த மீராசாவின் பெண்டாட்டி ஆமினாவுக்குச் சம்மன் போயிற்று. அவள் அந்தப் பணத்தைக் கண்ணால் கண்டதில்லை.

அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண்கள் கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக்கே ஆளனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். அப்படிச் செய்கிறோம் என்று கோர்ட்டிலிருந்து சொல்லியும், ஜட்ஜ் காதிலேயே சொல்ல வேண்டும் என்று அவள் மறுத்துவிட்டாள். கூண்டு வண்டியில் இரண்டு நாள் பயணம் செய்து தமையனோடு வந்து இறங்கினாள். வக்கீல் வைக்கவில்லை. அதற்கு வசதி இல்லை. ஹாலின் ஓரத்தில் ஒரு படுதா கட்டி அதன் பின்னால் அவளை உட்கார வைத்தார்கள். வெள்ளைத் துப்பட்டியின் நுனி மட்டும் படுதாவுக்குக் கீழே தெரிந்தது. நான் படுதாவை ஒட்டி, துரைக்கு முகம் தெரியும்படி நின்றேன். மீராசா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பணம் வாங்கினாயா என்று கேட்டதற்கு, இல்லை என்றாள். துரைக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். ‘உன் புருஷனே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்தில் மூன்று தவணையாகக் கொடுத்தாராம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அவளுக்குச் சொல்’ என்றார். சொன்னேன்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, பையத்தான் பேசினாள்.

“மூணு மாசம், மூணு தடவையா? அய்யா, அது அவுக சொன்னதுல்லா, குடுத்தது இல்லியே. என்னையத் தீத்ததையா ரூவா குடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கீங்க?”

‘என்னைய’ என்ற அந்த ஒரு சொல் என் காதில் விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாசத்துக்கு ஒண்ணா. முறைப்படி. வாய்ச்சொல்லுதான். இதுக்கு யாரு ரசீது எழுதுவா. மீராசா சொன்ன ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்து என் முன்னால் நின்றது. அந்த மார்க்கத்தில் ஒரே மூச்சில் மூன்று தலாக்கும் சொல்வது நல்லவர்கள் செய்கிற காரியமல்ல. மாதம் ஒன்றாக, இடைவெளி விட்டு, மனம் மாறினால் சேர்ந்துகொள்ள வழி வைத்துச் சொல்வதுதான் முறை. அந்த மனிதர் மூன்று மாதம் தவித்துச் செய்ததை நான் மூன்று தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

“என்ன சொல்கிறாள்?” என்றார் துரை.

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். தலாக் சொன்னார், பணம் கொடுக்கவில்லை என்கிறாள் என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீல் எழுந்து, ‘இது யாரோ சொல்லிக்கொடுத்துப் பிறகு யோசித்த கதை, புருஷனின் சத்தியத்துக்கு எதிராக இவளுடைய வெறும் வார்த்தை’ என்றார். துரை தலையை ஆட்டினார். லெப்பையைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றால் அவர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிவிட்டார். சாப்பாட்டு வேளைக்குக் கோர்ட் கலைந்தது. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்தேன். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

ரிக்கார்டு அறைக்குப் போய், குமாஸ்தா தமிழில் எழுதியிருந்த வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்தேன். ‘தீர்த்துவிட்டேன்’ என்றுதான் இருந்தது. எதை, யாரை என்று அதிலும் இல்லை. தலைமை மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று அவரே ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். காகிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதினது எழுதினதுதான், வே” என்றார். “நீரு இப்பம் போயித் தப்புன்னு சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு வக்கீலும் பழைய காயிதத்தையெல்லாம் தூக்கிட்டு வந்துருவான். எத்தன வழக்கு கெடக்கு, யோசிச்சுப் பாத்தீரா?”

“அந்தப் பொம்பள தலையில ஐந்நூறு ரூவா விழுது, அண்ணாச்சி.”

“அது ஜட்ஜுக்கும் அவளுக்கும் உள்ள பாடு. அவ இல்லைன்னு சொல்லிட்டா, நீரும் சொல்லியாச்சு. நம்புறதும் நம்பாததும் துரை இஷ்டம். உம்ம வேல முடிஞ்சு போச்சு.”

அவர் சொன்னதில் எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் அந்தக் கூண்டு வண்டி நின்றது. தமையன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“அய்யா, நீங்கதானே உள்ள பக்கத்துல நின்னீங்க? எங்க நெலம உங்களுக்குத் தெரியும். ஐந்நூறு ரூவாக்கு நாங்க எங்கன போவோம்? அவ காதுல கெடக்கதக் கழத்திக் குடுத்தாக்கூட நூறு தேறாது. கட்டாட்டி வீட்டுக்கு ஜப்தி வருவாவளா?”

நான் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிக்குள்ளிருந்து தமையனைக் கூப்பிடும் அவள் குரல் வந்தது.

“காக்கா, அவுககிட்டக் கேக்காதீங்க. பாவம், அவுக சொன்னதச் சொல்லுத ஆளுதானே. நான் கோர்ட்டுலயே கேக்கேன்.”

பாவம் என்று என்னைச் சொன்னாள். அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்குத் துரை வந்து உட்கார்ந்ததும், வக்கீல் எழுவதற்கு முன் நான் முன்னால் போய் நின்றேன். என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். துரை நிமிர்ந்து பார்த்தார். எந்தச் சொல், எப்படி எழுதினேன், வேறு எப்படி இருக்கலாம் என்று சொன்னேன்.

வக்கீல் துள்ளி எழுந்தார். மொழிபெயர்ப்பாளன் சாட்சி அல்ல என்றார். சாப்பாட்டு வேளையில் எதிர்க்கட்சியின் வண்டியடியில் இவர் நின்று பேசியதைப் பார்த்தவர்கள் உண்டு என்றும் சொன்னார். ஹாலில் ஒரு சலசலப்பு. லஞ்சம் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஒன்று மட்டும் செய்தேன், பின்வாங்கவில்லை.

“இப்போது நீ சொல்வதுதான் சரியான அர்த்தமா?” என்று கேட்டார் துரை.

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அது இரண்டாவது பிழையாகியிருக்கும்.

“எனக்குத் தெரியாது” என்றேன். “தமிழ் இரண்டு விதமாகவும் நிற்கும். நான் கேட்காமல் ஒன்றை எழுதிவிட்டேன். கேட்க வேண்டியது அவரிடம்.”

துரை வெகுநேரம் என்னைப் பார்த்தார். இது உன் ஊழியக் குறிப்பில் ஏறும் என்றார். ஏறியது. தலைமை நாற்காலி எனக்கு ஒன்பது வருஷம் தள்ளிப்போயிற்று. முறைதான், அதில் எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. “அப்படியானால் கேள்” என்றார் துரை.

மீராசாவை மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். அவர் பெண்டாட்டிக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்னதிலேயே உறுதியாக நின்றால் அவருடைய விடுதலையை எதிர்ப்பதில்லை என்று கடன் கொடுத்தவர்கள் அவரிடம் பேசி வைத்திருந்தார்களாம். இது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், வக்கீல் அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

“மீராசா அண்ணாச்சி, பெருநாளைக்கு முந்தித் தீத்துட்டேன்னு சொன்னீரே. எதைத் தீத்தீரு? மகரையா, அவுகளையா?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, “அதான் கோர்ட்டுல எழுதியிருக்குன்னு சொன்னாவளே” என்றார்.

“எழுதியிருக்கது என் சொல்லு. எனக்கு உம்ம சொல்லு வேணும்.”

அவர் தலையைத் தூக்கிப் படுதாவைப் பார்த்தார். துரையின் பேனா காத்துக்கொண்டிருந்தது.

“அவளத்தான்” என்றார். அதற்குமேல் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, தானாகவே வந்தது. “எங்கிட்ட இருந்தா என் கடனுக்கு அவ சாமானையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவாவன்னு நெனச்சேன். மொத மாசம் ஒண்ணு சொன்னேன். ரங்கூன்ல இருந்து ரூவா வந்துட்டா சேந்துக்கிடலாம்னு பாத்தேன். வரல. ரெண்டாவது மாசம் சொன்னேன். அப்பவும் வரல. மூணாவது சொல்லுதன்னைக்கு எனக்கு வாயே வரல. குடுத்தது ஒத்த ரூவா கெடையாது. அந்த வார்த்தைய இன்னொரு தடவ வாயால சொல்லக் கூடாதுன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்.”

இதை நான் இங்கிலீஷில் சொல்ல வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று, யாரை, எதை, யார் என்று அவரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். துரையின் பேனா பலமுறை நின்றது. ஒருமுறைகூட அவர் எரிந்து விழவில்லை.

தம்பிமாரே, இதில் மீராசா செய்த தப்பும் ஒன்று உண்டு. அது நம் வேலைக்கு வெளியே இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியின் சொந்தச் சாமானைப் புருஷனின் கடனுக்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வக்கீல் குமாஸ்தா யாரிடமாவது ஒருவார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க வெட்கப்பட்டு, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளை விட்டார். விட்டதால் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மகர் எழுந்து அவர் தலையில் இன்னொரு கடனாக உட்கார்ந்தது. கடன் குடும்பத்தைக் கலைத்தது, கலைந்த குடும்பம் கடனைக் கூட்டியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது, கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய விடுதலையைக் கடன் கொடுத்தவர்கள் எதிர்த்தார்கள், அது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. தெரிந்துதான் அவர் அன்று உண்மையைச் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆகவே வேகத்துக்கு என்னிடம் சூட்சுமம் கிடையாது. சாட்சி ‘கொடுத்தேன்’ என்றால் எதை, யாருக்கு என்று தெரிகிறவரை இங்கிலீஷைத் திறக்காதீர்கள். ‘வந்தான்’ என்றால் யார் என்று கேளுங்கள். கையைத் தூக்கி, துரையைப் பார்த்து, ‘ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்’ என்று சொல்லுங்கள். முறைப்பார்கள். வக்கீல்கள் பல்லைக் கடிப்பார்கள். இவனுக்குத் தமிழ் தெரியாதா என்று பின்னால் இருந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டென்னிஸுக்கு நேரமானால் ஆகட்டும்.

கடைசியில் உத்தரவைச் சொல்லுகிற வேலையும் என்னுடையதுதான். வக்கீலின் மனுவைத் தள்ளினார் துரை. இன்ன தேதியில் ஆமினா தலாக் ஆனவள் என்று பதிந்துகொண்டு, ஐந்நூற்றொரு ரூபாய்க்கு அவள் பெயரையும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சேர்த்து, மற்றவர்களோடு சரிசமமாகப் பங்கு கொடுக்க வேண்டும் என்றார். நான் படுதாவின் பக்கம் திரும்பினேன்.

“அம்மா, நீங்க யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டாம். உங்களுக்குத்தான் அவுக குடுக்கணும். மத்தவங்களுக்கு என்ன கெடைக்குமோ அதே வீதம் உங்களுக்கும் கெடைக்கும்.”

அவள் துப்பட்டியின் நுனி அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இப்பம் கேட்ட கேள்விய அன்னைக்கே கேட்டிருந்தா நான் ரெண்டு நாளு வண்டியில வந்து, இத்தன ஆம்பளைங்க முன்னால, என்னையத் தீத்தாவன்னு என் வாயாலயே சொல்லியிருக்க வேண்டாமே, அய்யா. ஏன் கேக்கல?”

“என்ன சொல்கிறாள்?” என்றார் துரை.

சாட்சி சொல்வதில் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்றுதான் சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தேன். அதையும் இங்கிலீஷில் சொன்னேன். ஒன்றும் குறைக்கவில்லை. துரை அதை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, பதில் தன்னிடமில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் படுதாவின் பக்கம் திரும்பி, “கேட்டிருக்கணும்மா. நான் கேக்கல” என்றேன். பிறகு துரையின் பக்கம் திரும்பி அதையும் இங்கிலீஷில் சொன்னேன்.